மட்டாஞ்சேரிப் பாடகர் மெஹபூப்

பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் தம்முடன் எடுத்து வருபவை நாலு பாத்திரங்களும் துணிமணிகளும் மட்டும் அல்ல. பேச்சையும் பாட்டையும் எடுத்து வருகிறார்கள். பாத்திரம் தேய்ந்தால் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பாட்டுத் தேய்ந்தால் எந்தக் கடையில் வாங்குவது? இக்கேள்வி சில மாதங்களாக என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. இதற்கு விடை தேடியபோது, நான் வாழும் இந்த மட்டாஞ்சேரிப் பகுதியிலேயே வாழ்ந்து மறைந்த ஒரு பாடகரின் வாழ்க்கை எனக்கு வழிகாட்டியது. அவர் தமிழர் அல்லர். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரும் அல்லர். ஆயினும் கொச்சி மக்கள் அவருடைய குரலைத் தம் குரலாகவே போற்றினார்கள். அவர் பெயர் எச். மெஹபூப். ஊரார் அன்புடன் அழைத்த பெயர் மெஹபூப் பாய்.

நான் இசை கற்றவன் அல்லன். பள்ளி இறுதித் தேர்வில் தேறி, இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, மூட்டைகளுக்குப் பற்றுச்சீட்டு எழுதிக் காலம் கழிப்பவன். ஆயினும் மட்டாஞ்சேரியில் குடியிருப்பவன் எவனும் மெஹபூபின் பாட்டைக் கேளாமல் இருத்தல் இயலாது. தேநீர்க் கடையில் கேட்கும். திருமண வீட்டில் கேட்கும். இரவு நேரத்தில் கடை அடைத்துவிட்டு நாலு பேர் ஆர்மோனியத்தை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தால் அங்கும் கேட்கும். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அவரை நேரில் கண்டிராத எனக்கும் அவர் குரல் பழகிய குரலாக இருக்கிறது.

முதலில் இந்த ஊரைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டும். ஊரை அறியாமல் இந்தப் பாடகரை அறிய முடியாது. போர்ச்சுகீசியர் 1503ஆம் ஆண்டில் இங்கே கோட்டை கட்டினார்கள். 1663இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். மிளகும் ஏலமும் இஞ்சியும் கப்பல் ஏறிய துறைமுகம் இது. வாணிகம் இருக்கும் இடத்துக்கு மக்கள் வருவது இயல்பு. குஜராத்தி வணிகர் வந்தனர். கச்சி மேமன்கள் வந்தனர். கொங்கணியர் கோவில் எடுத்துக் குடியமர்ந்தனர். யூதர் தம் தெருவை அமைத்துக்கொண்டனர். நம் தமிழ் மக்களும் வந்தனர். வெளி என்னும் இடத்தில் இன்றும் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர், டச்சுப் படையினரின் உடைகளை வெளுப்பதற்காக அழைத்து வரப்பட்டவர்கள் என்று கூறுவர். இவ்வாறு ஒரு சிறு நிலப்பரப்பில் பத்துப் பதினைந்து மொழிகள் அடுப்பங்கரையில் பேசப்படுகின்றன. தெருவில் இறங்கினால் எல்லோருக்கும் பொதுவானது மலையாளம்.

இந்த மக்களுள் தக்கினி முஸ்லிம்கள் என்று ஒரு பிரிவினர் உண்டு. தக்காணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கங்களில் நம் நாட்டு முஸ்லிம்களுள் பலர் வீட்டில் பேசும் தக்கினி உருதுவை நேயர்கள் கேட்டிருக்கக் கூடும். அம்மொழியே இவர்களுக்கும் வீட்டு மொழி. அத்தகைய ஓர் ஏழைக் குடும்பத்தில் 1926ஆம் ஆண்டில் மெஹபூப் பிறந்தார். கோட்டைக் கொச்சியில் பட்டாளம் என்னும் பகுதியே அவர் வளர்ந்த இடம். பெயருக்கு ஏற்பப் படையினர் தங்கிய இடம் அது. இளமையில் அவர் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பூட்ஸுகளுக்கு மெருகு போட்டுப் பிழைத்தார் என்பர். பள்ளிப் படிப்புக்கு வசதி இல்லை. குருவிடம் அமர்ந்து முறையாகச் சங்கீதம் கற்கவும் வழி இல்லை. கிடைத்தது காது ஒன்றே. அந்தக் காதினால் அவர் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்.

தக்கினிக் குடும்பங்களில் திருமணம் என்றால் பாட்டு உண்டு. மருதாணி இடும் இரவிலும் பாட்டு உண்டு. அந்தத் திருமணப் பாட்டுகளைப் பாடிப் பாடியே சிறுவன் மெஹபூப் பெயர் எடுத்தார். அக்காலத்தில் இந்திப் படங்களின் பாட்டுகள் இசைத்தட்டுகளின் வழியாகத் துறைமுகத்துக்கு வந்தன. சைகாலின் பாட்டும் ரஃபியின் பாட்டும் கடைத்தெருவில் ஒலித்தன. கேட்ட பாட்டை அப்படியே பாடும் ஆற்றல் அவருக்கு இருந்தது. வீட்டு மொழி உருதுவுக்கு அண்மையான மொழி ஆகையால் அச்சொற்கள் அவர் நாவுக்கு அந்நியமாக இல்லை. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் நான் கூறப்போகும் கருத்துக்கு இதுவே அடிப்படை.

1951ஆம் ஆண்டில் ‘ஜீவித நௌகா’ என்னும் மலையாளப் படம் வெளிவந்தது. மலையாளத் திரையுலகில் மாபெரும் வெற்றி கண்ட முதற்படம் என்று அதனைக் கூறுவர். அந்தப் படத்தில்தான் மெஹபூபின் குரல் முதன்முதலாகத் திரையில் ஒலித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அந்நாளில் மலையாளப் படங்களின் பாட்டுகள் பல, மக்களிடையே பரவியிருந்த இந்திப் படப் பாட்டுகளின் மெட்டைத் தழுவியே அமைந்தன. இந்தி மெட்டு, மலையாளச் சொல், தக்கினிக் குரல் ஆகிய மூன்றும் ஒரு தொண்டையில் கூடின.

இந்தப் படத்தை ஆக்கியவர்கள் யார் என்று பார்த்தால் நமக்கு ஒரு வியப்புத் தோன்றும். இயக்கியவர் கே. வேம்பு என்னும் தமிழர். இசை அமைத்தவர் வி. தட்சிணாமூர்த்தி. ‘தட்சிணாமூர்த்தி சுவாமி’ என்று மலையாளிகள் பக்தியுடன் அழைக்கும் இப்பெரியார், 1919இல் ஆலப்புழையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 2013இல் மறையும் வரை மலையாளத் திரையிசையின் மூத்த ஆசானாக விளங்கினார். வீட்டில் தமிழ் பேசியவர் மெட்டு அமைத்தார்; வீட்டில் தக்கினி பேசியவர் பாடினார்; கேட்டு மகிழ்ந்தது மலையாள நாடு. ‘வந்தவர்கள்’ என்று சொல்லப்பட்ட வீடுகளிலிருந்தே இந்நாட்டின் பாட்டு எவ்வளவு பெற்றிருக்கிறது!

அடுத்து 1954இல் ‘நீலக்குயில்’ வந்தது. உறூப் கதை எழுத, பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் சேர்ந்து இயக்கிய படம். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற படம். பாஸ்கரன் இயற்றிய பாடல்களுக்குத் தலைச்சேரிக்காரரான கே. ராகவன் இசை அமைத்தார். இந்தி மெட்டுகளை விட்டு, மலையாள மண்ணின் நாட்டுப்புற மெட்டுகளைத் திரைக்குக் கொண்டுவந்த பெருமை இந்தப் படத்துக்கு உரியது. அத்தகைய படத்தில், எளிய நாட்டுப்புறச் சொற்களால் அமைந்த காதற்பாட்டு ஒன்றைப் பாட மெஹபூபை அழைத்தார்கள். மண்ணின் பாட்டைப் பாட வந்தவர் வெளியிலிருந்து வந்த குடியில் பிறந்தவர்! ஆனால் பாட்டைக் கேட்டவர் எவரும் அதனை அயலான் குரல் என்று சொல்லவில்லை. இன்றும் மலையாளிகள் அப்பாட்டைத் தம் பாட்டன் பாட்டி பாடியது போலவே பாடுகிறார்கள்.

மெஹபூபுக்கு வேடிக்கைப் பாட்டிலும் நல்ல கைவரிசை இருந்தது. 1958இல் வந்த ‘நாயரு பிடிச்ச புலிவாலு’ என்னும் படத்தில், ராகவனின் இசையில் அவர் பாடிய நகைச்சுவைப் பாட்டு சிறுவர் வாயெல்லாம் நிறைந்தது. சிரிக்க வைக்கும் பாட்டைப் பாடுவது எளிது என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. சிரிப்பு மூட்டும்போதும் சுருதி விலகக் கூடாது. தாளம் பிசகக் கூடாது. சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழ வேண்டும். நம் சந்திரபாபு தமிழில் இதனைச் செய்து காட்டினார். மலையாளத்தில் மெஹபூப் செய்தார்.

1961ஆம் ஆண்டில் ‘கண்டம் பெச்ச கோட்டு’ வந்தது. ஒட்டுப்போட்ட கோட்டு என்பது அதன் பொருள். மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. அதனை எடுத்தவர் யார் தெரியுமா? நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம். மலையாளத்தின் முதல் பேசும் படமாகிய ‘பாலன்’ 1938இல் வெளிவந்ததும் அவருடைய நிறுவனத்தின் வழியாகவே. ‘கண்டம் பெச்ச கோட்டு’ படத்துக்கு இசை அமைத்தவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த எம். எஸ். பாபுராஜ். அவருடைய தந்தையார் வங்காளத்திலிருந்து வந்த இந்துஸ்தானிப் பாடகர். படத்தின் கதை, மெக்கா யாத்திரைக்கென்று காசு சேர்த்து வரும் ஏழைச் செருப்புத் தொழிலாளி ஒருவரைப் பற்றியது. அந்தக் கோட்டைப் பற்றிய பாட்டைப் பாடியவர் மெஹபூப். சேலத்துத் தயாரிப்பாளர், வங்காளியின் மகனாகிய இசையமைப்பாளர், தக்கினிப் பாடகர் ஆகியோர் சேர்ந்து தைத்த அந்தப் பாட்டும் ஓர் ஒட்டுப்போட்ட கோட்டே அன்றோ! அது மலையாளிகளுக்கு நன்றாகப் பொருந்தியது.

இனி அவருடைய பிற்கால வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். அது மகிழ்ச்சி தரும் கதை அன்று. அக்காலத்தில் மலையாளப் படங்களின் பாட்டுப் பதிவு பெரும்பாலும் சென்னையில் நடந்தது. பாட விரும்புகிறவர்கள் சென்னைக்குச் சென்று, தங்கி, காத்திருந்து, அழைத்த நேரத்தில் போய் நிற்க வேண்டும். மெஹபூபின் மனம் அதற்கு இசையவில்லை. அவருக்குக் கொச்சி வேண்டும், நண்பர்கள் வேண்டும், விடிய விடியப் பாடும் மஹ்ஃபில் வேண்டும். கூலியைப் பேசி வாங்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. பதிவுக்கு அழைத்தும் போகாத நாட்கள் உண்டு என்று சொல்வர். அதே கோட்டைக் கொச்சியில் 1940இல் பிறந்த யேசுதாஸ், 1961இல் முதற்பாட்டுப் பதிவாகி, சென்னை சென்று நிலைத்து, நாடு முழுதும் புகழ் பெற்றார். அவருடைய தந்தை அகஸ்டின் ஜோசப்பும் நாடக மேடையில் பெயர் பெற்ற பாடகர். ஒரே கடற்காற்றில் வளர்ந்த இரு குரல்களுள் ஒன்று உலகைச் சுற்றியது. மற்றொன்று ஊரைச் சுற்றியது. ஊரைச் சுற்றிய குரலுக்குச் சோறு போடும் பொறுப்பு ஊருக்கு உண்டு. அந்தப் பொறுப்பு எவ்வளவு நிறைவேறியது என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. 1981ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் மெஹபூப் மறைந்தார். செல்வம் என்று சொல்லத்தக்கது எதையும் அவர் சேர்த்து வைக்கவில்லை.

அவர் மறைந்த பிறகு அவர் பெயரால் கொச்சியில் ஓர் இசைக்குழு இயங்கலாயிற்று. வளரும் பாடகர்களுக்கு அது மேடை தந்தது. அவருடைய மஹ்ஃபில்களில் தபலா வாசித்த இளைஞர் ஒருவர் பிற்காலத்தில் பெரும் பெயர் பெற்றார். அவரே உம்பாயி. இயற்பெயர் இப்ராகிம். பம்பாய்க்குச் சென்று முஜாவர் அலி கான் என்னும் உஸ்தாதிடம் பயின்று திரும்பிய அவர், ‘மலையாளத்தில் கஜல் பாட முடியுமா?’ என்று மற்றவர் ஐயுற்ற காலத்தில், தாமே மெட்டமைத்துப் பாடிக் காட்டினார். ஓ. என். வி. குறுப்பு, சச்சிதானந்தன் போன்ற பெருங்கவிஞர்களின் வரிகள் அவர் குரலில் கஜல்களாக மலர்ந்தன. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் அவரும் மறைந்தார். மெஹபூப் செல்வத்தைச் சேர்க்காவிட்டாலும் ஒரு பரம்பரையைச் சேர்த்து வைத்துவிட்டுப் போனார் என்பது இதனால் விளங்கும்.

இந்த வரலாற்றை இப்போது நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என் மகளுக்கு வயது பத்து. மட்டாஞ்சேரியில் பிறந்தவள், மலையாளப் பள்ளியில் பயில்பவள். அடுத்த வீட்டுக் குழந்தைகளோடு சேர்ந்து மெஹபூபின் பாட்டு ஒன்றைக் கைபேசியில் கேட்டுக் கேட்டுப் பாடம் செய்துகொண்டாள். நம் சங்கத்தின் ஆண்டுவிழாவில் அதனைப் பாட வேண்டும் என்பது அவள் விருப்பம். நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுக்கச் சென்றபோது, சங்கத்துப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். “தம்பி, குழந்தை நன்றாகத்தான் பாடுகிறாள். ஆனால் வீதியில் மலையாளம், பள்ளியில் மலையாளம், வானொலியிலும் மலையாளம். ஆண்டுக்கு ஒரு நாள், நம் மேடையிலாவது தமிழ் ஒலிக்க வேண்டாமா?” என்றார்.

அவர் சினந்து பேசவில்லை, வருந்திப் பேசினார். தம் பேரப்பிள்ளைகள் தமக்கு மலையாளத்தில் விடை சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவர் உள்ளம் புண்பட்டிருக்கிறது. அந்தப் புண் நம்முள் பலருக்கு உண்டு. ஆகையால் அவர் சொன்னதை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. செயற்குழு அடுத்த மாதம் கூடி முடிவு செய்யும். அதற்கு முன் என் கருத்தை நேயர்கள் முன் வைக்கிறேன்.

அயல்மொழியில் பாடுவதனால் சொந்த மொழி அழியுமா? மெஹபூபின் வாழ்க்கை ‘அழியாது’ என்று சொல்கிறது. மலையாளத்தில் அவ்வளவு பாடியும் தக்கினித் திருமணப் பாட்டை அவர் மறந்தாரில்லை. இன்னும் ஒரு படி மேலே சென்று சொல்வேன். வீட்டிலே பாட்டு இருந்ததனால்தான் அவரால் வெளியே பாட முடிந்தது. திருமணப் பந்தலிலே, மருதாணி இரவிலே, உறவினர் நடுவிலே பாடிப் பழகிய அந்தக் குரலில் ஓர் உறுதி இருந்தது. அந்த உறுதியோடு அவர் மலையாளச் சொல்லை எடுத்தார். வெறுங்கையோடு போனவர் அல்லர்; கொடுப்பதற்கு ஒன்றை வைத்துக்கொண்டு போனவர். அதனால்தான் ஊர் அவரை ஏற்றுக்கொண்டது.

இதற்கு எதிர்ப்புறமாக இன்னொரு கதையும் உண்டு. அது அமெரிக்காவில் நடந்தது. மெக்சிக்கோ நாட்டிலிருந்து குடியேறிய இனத்தில், 1941ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஒரு சிறுவன் பிறந்தான். பெற்றோர் இட்ட பெயர் ரிச்சர்ட் வலென்சுவேலா. பாட்டுத் தட்டு விற்பதற்கு ஏற்றவாறு அப்பெயரை ரிச்சி வேலன்ஸ் என்று சுருக்கினார்கள். முன்னோர் மொழி ஸ்பானியம். இலத்தீன் மொழியிலிருந்து பிறந்த மொழிகளுள் ஒன்று அது. ஆனால் அவன் ஆங்கிலம் பேசியே வளர்ந்தான். ஸ்பானியம் அவனுக்குச் சரளமாக வராது. பதினேழு வயதுக்குள் தானே பாட்டு எழுதி, தானே கிதார் வாசித்துப் பாடிப் புகழ் பெற்றான். 1958இல் அவன் வெளியிட்ட இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவனே எழுதிய ஆங்கிலக் காதற்பாட்டு இருந்தது. மறுபக்கத்தில், மெக்சிக்கோவின் வேராக்ரூஸ் பகுதியில் மக்கள் திருமணங்களில் பாடி ஆடிவந்த ‘லா பாம்பா’ என்னும் பழம்பாட்டு இருந்தது. தனக்குச் சரியாகப் பேச வராத அந்த மொழியின் சொற்களைப் பிறர் சொல்லக் கேட்டுப் பாடம் செய்து பாடினான். 1959ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் விமான விபத்தில் அவன் இறந்தபோது பதினெட்டு வயது நிறையவில்லை. ஆனால் அமெரிக்காவில் ஸ்பானிய மொழியில் பாடிப் புகழ் பெற நினைக்கும் இளைஞர்களுக்கு அவனே முன்னோடியாகக் கருதப்படுகிறான். 1987இல் அவன் வாழ்க்கை திரைப்படமாக வந்தது. அப்போது ‘லாஸ் லோபோஸ்’ என்னும் குழுவினர் மீண்டும் பாடிய அதே பழம்பாட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

இவ்விரு பாடகர்களின் நிலை ஒன்றுக்கொன்று மாறானது. மெஹபூப், வீட்டு மொழியைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் மொழியில் பாடினார். வேலன்ஸ், ஊர் மொழியில் வளர்ந்து, கைநழுவிய முன்னோர் மொழியைப் பாட்டின் வழியாக எட்டிப் பிடித்தான். இருவருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. எட்டிப் பிடிப்பதற்கு அங்கே ஒரு பாட்டு உயிரோடு இருந்தது. வேராக்ரூஸ் பாட்டை யாரும் பாடாமல் விட்டிருந்தால் அந்தச் சிறுவன் எதைப் பிடித்திருப்பான்?

ஆகவே, நாம் அஞ்ச வேண்டியது நம் குழந்தைகள் மலையாளப் பாட்டுப் பாடுவதைக் கண்டு அன்று. அவர்கள் எட்டிப் பிடிப்பதற்கு நம் வீட்டில் ஒரு பாட்டும் இல்லாமல் போவதைக் கண்டே அஞ்ச வேண்டும். மேடையில் தமிழ்த் திரைப்பாட்டு ஒன்றைப் போட்டு அதற்கு ஆட வைத்தால் தமிழ் ஒலித்ததாகக் கணக்கு எழுதிக்கொள்ளலாம். அந்தப் பாட்டு கைபேசியில் என்றும் கிடைக்கும். கைபேசியில் கிடைக்காத பாட்டு எங்கே இருக்கிறது?

என் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். என் தாயார் தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்தவர். இளமையில் நடவு நட்டவர். அவருக்கு ஒரு நடவுப் பாட்டுத் தெரியும். என் மகள் ஒரு நாள், “ஆச்சி, உங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு சொல்லிக் குடுங்க” என்று கேட்டாள். தாயார் முதலில் சிரித்தார். “அது வயக்காட்டுல பாடுறது, மேடைல யாரு கேப்பா?” என்றார். குழந்தை விடவில்லை. தாயார் பாடத் தொடங்கினார். நான்கு கண்ணிகள் வந்தன. ஐந்தாவது வரவில்லை. அதில் ஏழு கண்ணி உண்டு என்று அவருக்கு நன்றாக நினைவு இருக்கிறது. சொற்கள்தாம் நினைவில் இல்லை. ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் பாட்டு அது. எடுத்துக் கொடுப்பவள் வேறொருத்தி. இவர் வாங்கிப் பாடியவர். ஊருக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டோம். அன்று கூட நட்ட பெண்களுள் இன்று பாட்டுச் சொல்லும் நிலையில் ஒருவரும் இல்லை. மூன்று கண்ணிகள் போனவை போனவையே. எந்தக் கடையிலும் அவை கிடைக்கமாட்டா.

மீதி நான்கையும் என் மகள் எழுதி வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்து இன்னும் செவ்வையாக வரவில்லை. ஆகவே தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில் எழுதினாள். பார்த்தபோது எனக்கு முதலில் மனம் சுருங்கியது. பிறகு எண்ணிப் பார்த்தேன். எழுத்து எதுவானால் என்ன? பாட்டுத் தாளில் ஏறிவிட்டது, நாவிலும் ஏறிவிட்டது. நாவில் ஏறிய பாட்டு நாளை எழுத்தையும் தேடச் செய்யும். இப்பொழுதே அவள், “‘ழ’வை எப்படி எழுதணும்?” என்று கேட்கத் தொடங்கியிருக்கிறாள். மலையாளத்திலும் அந்த ஒலி உண்டு என்பதில் அவளுக்கு ஒரு மகிழ்ச்சி.

என் வேண்டுகோள் இதுவே. ஆண்டுவிழாவில் குழந்தைகள் ஊர்ப் பாட்டு ஒன்று பாட விரும்பினால் தடை சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை வைக்கலாம். அவ்வாறு பாடும் குழந்தை, தன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் நேரிற் கற்ற தமிழ்ப் பாட்டு ஒன்றையும் பாட வேண்டும். தாலாட்டாக இருக்கலாம், நடவுப் பாட்டாக இருக்கலாம், கும்மியாகவோ, படகுப் பாட்டாகவோ, துணி துவைக்கும்போது பாடும் பாட்டாகவோ இருக்கலாம். நான்கே வரியானாலும் போதும். இந்த நிபந்தனையால் குழந்தைக்கு மட்டும் நன்மை அன்று. ‘எனக்கு என்ன தெரியும்’ என்று மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டிமாருக்கும் தாத்தாமாருக்கும் தம்மிடம் ஒரு செல்வம் இருப்பது தெரியவரும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்க அறையில் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்கினால், பாடுவோரைப் பாடச் செய்து, இளைஞர்கள் கைபேசியில் பதிவு செய்து, ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வைக்கலாம். பாடியவர் பெயரையும் அவர் ஊரையும் எழுத வேண்டும். இதற்குப் பெரும் பணம் தேவை இல்லை. காலம்தான் தேவை, அது நம்மிடம் குறைவாக இருக்கிறது.

மெஹபூபுக்கு வாழ்நாளில் செய்யத் தவறியதைக் கொச்சி அவர் மறைந்த பின் செய்ய முயன்றது. குழு அமைத்தார்கள், நினைவுநாள் கொண்டாடினார்கள், இளைஞர்களைப் பாட வைத்தார்கள். நல்ல செயலே. ஆனால் திரையில் ஏறாமல், மஹ்ஃபில்களில் மட்டும் அவர் பாடிய எத்தனையோ பாட்டுகள் கேட்டவர்களின் நினைவோடு போயின. இசைத்தட்டில் ஏறியவை மட்டுமே நமக்குக் கிடைத்தன. புகழ் பெற்ற பாடகர் ஒருவருக்கே இந்நிலை என்றால், நம் வீட்டு அடுப்பங்கரையில் பாடும் பெண்களின் பாட்டுக்கு என்ன காவல்?

செயற்குழு எவ்வாறு முடிவு செய்தாலும் என் மகள் கற்பதை நிறுத்தப்போவதில்லை. அவள் மெஹபூபின் பாட்டையும் பாடுவாள். ஆச்சியின் நான்கு கண்ணிகளையும் பாடுவாள். அந்தப் பெரியவரிடமும் நான் சென்று கேட்கப்போகிறேன். அவர் தாயார் பாடிய பாட்டு ஏதேனும் அவருக்கு நினைவு இருக்கும். நேயர்களே, உங்கள் வீட்டில் எத்தனை கண்ணிகள் மிஞ்சியிருக்கின்றன என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.